மார்னர் இல்லாத டொரண்டோ: டர்பனிலிருந்து 2025-26 சீசனைப் பார்ப்பது எப்படி?

கேட்கப்பட்டது இது: மெரிபேங்கில் வசிப்பவர், ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தப்பா மகன் வழியாக மூன்று வருடமாக வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் ஆடும் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ரசிகர். காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். நட்சத்திர ஆட்டக்காரர் மிட்ச் மார்னர் போன பிறகு அணி ப்ளே ஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) தேறுமா, எல்லா ஆட்டத்தையும் பார்க்க முடியாதவர் எதைப் பார்க்கலாம், எதை வைத்து அணியை எடை போடலாம் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, 2025 அக்டோபரில் சீசன் தொடங்குமுன் எழுதுகிறேன்; முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ப்ளே ஆஃப் தேறும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆனால் போன வருடம் போல அட்லாண்டிக் பிரிவில் முதலிடம் எதிர்பார்க்காதீர்கள். போன சீசனில் 82 ஆட்டத்தில் 52 வெற்றி, 26 தோல்வி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றது 4. வெற்றிக்கு 2 புள்ளி, 60 நிமிடம் தாண்டித் தோற்றால் 1 புள்ளி (நம் ஊர் ரக்பியில் நெருங்கித் தோற்றால் கிடைக்கும் போனஸ் புள்ளி மாதிரி). ஆக மொத்தம் 108. இந்த முறை என் கணக்கு 94 முதல் 98 வரை. போன சீசனில் கிழக்குப் பகுதியில் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே போன மான்ட்ரியலுக்கு 91 புள்ளி. அந்தக் கோட்டுக்கும் நம் அணிக்கும் இடையே மூன்று வெற்றிதான் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வலது ஓரத்தில் மார்னர் விட்டுப்போன இடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பயம் பின்னால் இருக்கிறது: கோல்கீப்பர் இருவர், அவர்களுக்கு முன்னால் நிற்கும் வயதான தடுப்பு வரிசை, இவர்களை வாட்டப்போகும் நெருக்கமான அட்டவணை.

மார்னர் கணக்கை முதலில் முடித்துவிடலாம். போன சீசனில் அவர் 27 கோல், 75 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்), மொத்தம் 102 புள்ளி. இது ஆட்டக்காரரின் புள்ளி, கோலுக்கும் அசிஸ்டுக்கும் தலா ஒன்று; அணிப் பட்டியலின் புள்ளி வேறு. இதைப் பார்த்துவிட்டு "102 போச்சே" என்று தலையில் கை வைக்கிறார்கள். ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் வாங்கலாம். அவர் கூடவே ஆடியவர்கள் ஆஸ்டன் மாத்யூஸும் மாத்யூ நைஸும். அவர் இடத்தில் யார் நின்றாலும் அந்த இருவரோடு ஆடினால் 45, 50 புள்ளி வரும். பவர் ப்ளேயிலும் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே உட்கார, நாம் ஒருவர் கூடுதலாக ஆடும் நேரம்) வேறொருவர் அந்த இடத்தில் நின்று ஓரளவு எடுப்பார். எல்லாம் கழித்தால் அணிக்கு நிகர நஷ்டம் 15 முதல் 20 கோல் என்பது என் மதிப்பீடு. லீகில் பொதுவாக மூன்று கோல் வித்தியாசம் பட்டியலில் ஒரு புள்ளிக்குச் சமம். அப்படியானால் 5 முதல் 7 புள்ளி. வலிக்கும், ஆனால் சீசனையே சாய்க்கிற அளவு இல்லை.

எண்ணில் வராத நஷ்டம் ஒன்று உண்டு. அணியில் ஒருவர் பெனால்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்தில் மார்னர்தான் முதல் ஜோடியில் இறங்குவார். எதிரணியின் பாஸ் போகிற வழியை முன்கூட்டியே பார்த்து ஸ்டிக்கை அங்கே நீட்டி வைப்பார். பவர் ப்ளேயில் பக்கை (ஆடுகிற ரப்பர் வட்டு) நடு மண்டலம் தாண்டி எடுத்துக்கொண்டு போய், எதிரணி மண்டலத்தின் எல்லையான நீலக்கோட்டுக்குள் சேர்ப்பவரும் அவரே. இந்த இரண்டு வேலையையும் யார் எடுக்கிறார் என்று அக்டோபரில் கவனியுங்கள். கோல் எண்ணிக்கையை விட அது முக்கியம்.

இந்த நஷ்டத்தை ஈடுகட்டக்கூடியவர் புதிதாக வந்தவர்களில் யாரும் இல்லை, மாத்யூஸ்தான். 2023-24இல் 69 கோல் அடித்தவர், போன சீசனில் காயத்தோடு 67 ஆட்டத்தில் 33. உடம்பு ஒத்துழைத்து 48, 50 கோல் வந்துவிட்டால் மார்னர் கணக்கு அங்கேயே நேராகிவிடும். அதே சமயம் நைலாண்டரின் 45 கோலும், 35 வயதாகிவிட்ட டவேரஸின் 38 கோலும் அப்படியே திரும்ப வரும் என்று நம்பக் கூடாது. டவேரஸ் 30 அடித்தாலே நிறைவு.

பணப் பக்கத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2024-25இல் அணிச் சம்பள உச்சவரம்பு 88 மில்லியன் டாலர். அதில் மாத்யூஸ் 13.25, நைலாண்டர் 11.5, டவேரஸ் 11, மார்னர் 10.9. நான்கு பேருக்கே 46.65 மில்லியன், அதாவது 53 சதவீதம். மிச்சம் 47 சதவீதத்தில் பத்தொன்பது பேரை நிரப்ப வேண்டியிருந்தது. ப்ளே ஆஃபில் மூன்றாவது, நான்காவது லைன் (சேர்ந்து களமிறங்கும் மூன்று முன்கள ஆட்டக்காரர்) போதிய கோல் அடிக்காமல் போனதற்கு வேர் இங்கேதான். இந்த வருடம் உச்சவரம்பு 95.5 மில்லியன். டவேரஸ் 4.39 மில்லியனுக்கு இறங்கி வந்து மறுபடி கையெழுத்திட்டார். மார்னர் எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன் என்று வேகாஸ் போய்விட்டார். மாத்யூஸ், நைலாண்டர், டவேரஸ் மூவரும் சேர்ந்து இப்போது 29.1 மில்லியன், 30.5 சதவீதம். நைஸின் புதிய 7.75 மில்லியனைச் சேர்த்தாலும் 39 சதவீதத்துக்குள் நிற்கிறது.

அந்தப் பணத்தில் வந்தவர்கள் நிக்கோலா ரோய் (3 மில்லியன், மார்னருக்குப் பதிலாக வேகாஸிலிருந்து), மத்தியாஸ் மச்செல்லி (3.425, யூட்டாவிலிருந்து), டகோட்டா ஜோஷுவா (3.25, வான்கூவரிலிருந்து). மூவரும் சேர்ந்து 9.7 மில்லியன், ஒரு மார்னர் சம்பளத்துக்கும் குறைவு. ரோய் மூன்றாவது லைனுக்கு நல்ல சென்டர் (நடு முன்கள ஆட்டக்காரர்), ஃபேஸ் ஆஃபில் (நடுவர் போடும் பக்குக்கு இருவர் மோதி ஆட்டத்தைத் தொடங்குவது) நம்பலாம். ஜோஷுவா உடம்பைக் கொடுத்து மோதுகிறவர். பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே விரும்புகிற ஆட்டம் அது: பக்கை எதிரணி மூலையில் போட்டுவிட்டு, ஓடிப்போய் இடித்து எடுப்பது. மச்செல்லிதான் சூதாட்டம். பாஸ் பார்க்கத் தெரிந்தவர், ஆனால் இடிபட்டால் பக்கை விட்டுவிடுகிறார். மாத்யூஸ் பக்கத்தில் அவர் நிலைத்துவிட்டால் அணிக்கு யோகம்.

இனி கோல்கீப்பர். இதில்தான் சீசன் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போன வருடம் அந்தோணி ஸ்டோலார்ஸ் 34 ஆட்டத்தில் தடுத்த விகிதம் 0.926. தகுதியான அளவு ஆடியவர்களில் லீகிலேயே முதலிடம். லீகின் சராசரி 0.900 அருகில். கேட்க 0.026 வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆட்டத்துக்கு 28 ஷாட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.900 காரர் 2.8 கோல் விடுவார், 0.926 காரர் 2.07. ஆட்டத்துக்கு 0.73 கோல் மிச்சம். 34 ஆட்டத்துக்கு 25 கோல். மூன்று கோலுக்கு ஒரு புள்ளி என்ற அதே வாய்ப்பாட்டில் 8 புள்ளி. அதாவது மார்னர் போனதால் வரும் நஷ்டத்தை விட, ஸ்டோலார்ஸ் சராசரியாக இறங்கினால் வரும் நஷ்டம் பெரிது. இதற்குச் சம்பளம் வருடத்துக்கு 2.5 மில்லியன்தான். இப்போது போட்டிருக்கும் புதிய நான்கு வருட ஒப்பந்தம் 3.75 மில்லியன் வீதம், அடுத்த சீசனில் தொடங்குகிறது. அணி இந்த வருடம் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்பேன்.

சிக்கல் அவர் உடம்பு. 31 வயது, ஆறடி ஆறங்குலம். ஒரு சீசனில் 34 ஆட்டத்துக்கு மேல் ஆடியதே இல்லை. 2024 டிசம்பரில் முழங்கால் அறுவை சிகிச்சை. போன ப்ளே ஆஃபில் ஃபுளோரிடா தொடரின் முதல் ஆட்டத்தில் சாம் பென்னட்டின் முழங்கை தலையில் பட்டு வெளியே போனவர், அந்தத் தொடரில் மறுபடி ஆடவே இல்லை. 2-0 என்று முன்னிலையில் இருந்த நாம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். சொந்த மைதானத்தில் ஐந்தாவது, ஏழாவது ஆட்டங்கள் இரண்டுமே 1-6. அவர் இருந்திருந்தால் என்கிற கேள்வி இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அவருடைய துணை ஜோசப் வோல் போன சீசனில் 42 ஆட்டம் ஆடியவர். சொந்தக் காரணத்துக்காகப் பயிற்சி முகாமிலிருந்து விடுப்பில் போயிருக்கிறார். அவர் நிம்மதியாக, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு வரட்டும். ஆனால் அணியின் கணக்கில் அது பெரிய ஓட்டை. அடுத்து இருப்பவர் சுவீடன்காரர் டென்னிஸ் ஹில்டபி. உயரம் இருக்கிறது, இந்த லீகில் அனுபவம் ஒரு கை விரலுக்குச் சற்று மேலே. பழைய லீஃப்ஸ்காரர் ஜேம்ஸ் ரைமரைச் சோதனை ஒப்பந்தத்தில் அழைத்திருக்கிறார்கள். வோல் டிசம்பருக்குள் திரும்பவில்லை என்றால் என் 94ஐ 90 என்று திருத்திக்கொள்ளுங்கள். 90 என்பது போன வருடக் கோட்டுக்குக் கீழே.

கோல்கீப்பர் களைத்துவிட்டார் என்பதை எண்ணுக்கு முன்னால் கண்ணால் கண்டுபிடிக்கலாம். வலை ஆறடி அகலம், நாலடி உயரம். அதற்கு முன்னால் நீல வண்ண அரைவட்டம். ஸ்டோலார்ஸ் நல்ல நிலையில் இருக்கும்போது அவர் கால் விரல்கள் அந்த நீலத்தின் வெளி விளிம்பில் இருக்கும். ஷாட் அடிப்பவருக்கு வலையே தெரியாது. களைப்பு வந்தால் நேரம் போகப்போகக் குதிகால் கோல்கோட்டை நோக்கி ஊரும். அடுத்தது, இறங்குகிற நேரம். இரண்டு முழங்காலையும் உள்பக்கம் மடக்கிப் பனியில் இறக்கி, கால் பேடுகளைத் தரையோடு சுவராகப் பரப்புவதற்குப் பெயர் பட்டர்ஃப்ளை. நல்ல நாளில் பக் ஸ்டிக்கை விட்டுக் கிளம்பிய பிறகுதான் இறங்குவார். மோசமான நாளில் அடிப்பவர் கையை ஓங்கும்போதே இறங்கிவிடுவார். தோளுக்கு மேலே காலி. பக்கத்துக் கம்பத்துக்கும் காதுக்கும் நடுவே இரண்டு கோல் போனால் காரணம் இது. மூன்றாவது, தடுத்த பக் எங்கே போகிறது? மூலைக்குப் போனால் சரி. வலைக்கு நேர் முன்னால் விழுந்தால் அடுத்த ஷாட் கோல். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் பந்தைக் கையில் மெத்தென்று வாங்குவதற்கும், கையுறையில் பட்டுத் தெறிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கிங்ஸ்மீடில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

இவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் வயதைப் பாருங்கள். கிறிஸ் டானவ் 35, ஆலிவர் எக்மன்-லார்சன் 34, மோர்கன் ரீலி 31, ஜேக் மெக்கேப் 32ஐத் தொடப் போகிறார். டானவ் ஷாட்டுக்கு முன்னால் படுத்துத் தடுப்பவர். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் 170 கிராம் ரப்பரைக் கணுக்காலில் வாங்குவது அவருடைய அன்றாடம். அவர் இல்லாத ஆட்டங்களில் பெனால்டி கில் (தண்டனையால் ஒருவர் குறைவாக நின்று தடுத்தாடும் நேரம்) எப்படிப் போகிறது என்று கவனித்தால் அவர் அருமை புரியும். காயம் பட்டு பத்து பதினைந்து ஆட்டம் உட்காருவார் என்று கணக்கில் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

அட்டவணை இந்தக் கவலையை இன்னும் கூட்டுகிறது. சீசன் அக்டோபர் 7 முதல் ஏப்ரல் 16 வரை, 192 நாள். பிப்ரவரி 6 முதல் 24 வரை மிலானோ கோர்த்தினா ஒலிம்பிக்குக்காக இடைவேளை. 2014க்குப் பிறகு லீக் வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆடுவது இதுதான் முதல் முறை. கிறிஸ்துமஸ் மூன்று நாளையும் கழித்தால் 170 நாளில் 82 ஆட்டம். இரண்டு நாளுக்கு ஒன்று, இடையில் விமானப் பயணம், பயிற்சிக்கு நேரமே கிடைக்காது. அடுத்தடுத்த இரவு ஆட்டங்களில் ஒரே கோல்கீப்பரை இறக்குகிற அணி இப்போது அபூர்வம். எனவே இரண்டாவது கோல்கீப்பர் 30 ஆட்டமாவது ஆடியாக வேண்டும். மாத்யூஸ், நைலாண்டர் போன்றவர்கள் இடைவேளையிலும் தம் நாட்டுக்காக ஓடுவார்கள். மார்ச்சில் கால் கனப்பது யாருக்கு என்று அப்போது தெரியும்.

போட்டியாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. 2024, 2025 இரண்டு கோப்பையும் எட்மன்டனைத் தோற்கடித்து எடுத்த ஃபுளோரிடாவுக்கு இந்த முறை அடி மேல் அடி. கேப்டன் பார்கோவ் முகாமின் முதல் பயிற்சியிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து 7 முதல் 9 மாதம் வெளியே. மாத்யூ கச்சக் அறுவை சிகிச்சை முடிந்து டிசம்பர் வாக்கில்தான் வருவார். தாம்பா பேயில் 121 புள்ளி எடுத்த குச்சரோவ் இருக்கிறார், வலையில் வசிலெவ்ஸ்கி இருக்கிறார். பிரிவில் முதலிடம் அவர்களுக்கு என்பது என் ஊகம். ஒட்டாவாவும் மான்ட்ரியலும் இளம் கால்களோடு ஏறி வருகின்றன. மான்ட்ரியல் நோவா டாப்சனைத் தடுப்பு வரிசைக்கு வாங்கியிருக்கிறது. டெட்ராய்ட் கோல்கீப்பர் ஜான் கிப்சனைக் கொண்டுவந்திருக்கிறது. பிரிவில் லேசான எதிரி என்று யாரும் இல்லை. நாம் வீழ்ந்தால் அந்த இடத்தை எடுக்க நான்கு அணி வரிசையில் நிற்கிறது.

இன்னொரு விதி மாற்றமும் தெரிந்திருக்கட்டும். முன்பு நீண்ட காலக் காயப் பட்டியலில் ஒருவரை வைத்து அந்தச் சம்பளத்தில் ஆள் சேர்த்துவிட்டு, ப்ளே ஆஃபில் அவரைத் திரும்ப இறக்கலாம். அப்போது ப்ளே ஆஃபில் உச்சவரம்பே இருக்கவில்லை. 2021இல் சீசன் முழுக்க ஆடாத குச்சரோவ் ப்ளே ஆஃபில் வந்து தாம்பா கோப்பை எடுத்தது அப்படித்தான். இந்த சீசன் முதல் ப்ளே ஆஃபிலும் களமிறங்கும் 20 பேரின் சம்பளம் உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும். மார்ச் மாத வீரர் மாற்றங்களில் இது தெரியும்.

இனி எதை வைத்து எடை போடுவது. முதல் பத்து ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்துக்கு ஐந்து பேர் ஆடும் நேரத்தின் எதிர்பார்ப்புக் கோல் பங்கு என்று ஓர் எண் இருக்கிறது. எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் ஷாட் என்பதை வைத்து அது எவ்வளவு கோல் பெறுமானம் என்று கூட்டி, அதில் நம் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்வது. இருபது ஆட்டம் முடிந்த பிறகு அது 50க்கு மேலே இருந்தால், பட்டியலில் பின்தங்கி இருந்தாலும் கவலை வேண்டாம். 47க்குக் கீழே இருந்தால் முதலிடத்தில் இருந்தாலும் கவலைப்படுங்கள். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, அணியின் ஷாட் கோலாகும் சதவீதத்தையும் தடுக்கும் சதவீதத்தையும் கூட்டிய எண். லீக் மொத்தத்துக்கும் அது 100தான். நம் அணிக்கு 103 என்று காட்டினால் அதிர்ஷ்டமும் கோல்கீப்பரும் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள், கீழே இறங்கும். போன வருட லீஃப்ஸ் ஆட்டத்தைப் பிடிப்பதை விட வலையில் தப்பிப்பதில்தான் அதிகம் ஜெயித்தது. அதனால்தான் 108ஐ நான் நம்பவில்லை.

தேதி வேண்டுமென்றால் நவம்பர் 27, அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங். அன்றைக்கு ப்ளே ஆஃப் இடத்தில் இருக்கும் 16 அணிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏப்ரலிலும் அங்கேயே இருக்கும். விலக்கு உண்டு. 2019 ஜனவரி 3 அன்று லீகிலேயே கடைசி இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸ் அந்த வருடம் கோப்பையே எடுத்தது. அப்போது அந்த அணியின் பயிற்சியாளர் இதே பெரூபே. அங்கேயும் மாற்றியது என்ன? ஜனவரியில் வலையில் வந்து நின்ற பின்னிங்டன்.

நேரக் கணக்குக்கு வருவோம். நம் கடிகாரம் மாறாது, அவர்களுடையது மாறும். டொரண்டோ இரவு 7 மணி ஆட்டம் நவம்பர் 1 வரை நமக்கு நள்ளிரவு தாண்டி 1 மணி. நவம்பர் 2 முதல் மார்ச் 7 வரை 2 மணி. மார்ச் 8 முதல் மறுபடி 1 மணி. சனிக்கிழமை இரவு ஆட்டங்கள் நமக்கு ஞாயிறு அதிகாலையில் விழும். உங்களுக்கு அதுதான் வாரத்தின் முக்கிய ஆட்டம். கலிஃபோர்னியா, வான்கூவர் பயணங்களில் இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை 5. டிசம்பரில் டர்பனில் அதற்கு முன்பே விடிந்துவிடும். மார்கழியில் வீட்டில் எப்படியும் விளக்கேற்ற எழுந்திருப்பார்கள். முதல் பீரியடை (60 நிமிட ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) பார்த்துவிட்டு 6 மணிக்குக் கிளம்பலாம். பகல் ஆட்டங்களைத் தேடிக் குறித்து வையுங்கள். அக்டோபர் 13 திங்கள், கனடாவின் தேங்க்ஸ்கிவிங், டெட்ராய்டுடன் பகல் 2 மணி ஆட்டம் நமக்கு இரவு 8. நவம்பர் 14, 16 தேதிகளில் ஸ்டாக்ஹோமில் நாஷ்வில்லும் பிட்ஸ்பர்க்கும் ஆடுவது நம் அணி இல்லை என்றாலும், தூக்கம் கெடாமல் பார்க்கக்கூடியவை. ஒலிம்பிக்கும் அப்படியே, மிலானுக்கும் நமக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்.

ஒரே ஒரு பீரியட்தான் பார்க்க முடியும் என்றால் இரண்டாவதைப் பாருங்கள். காரணம் பெஞ்ச். ஆட்டக்காரர்கள் 45 வினாடிக்கு ஒரு முறை மாறுவார்கள். முதல், மூன்றாம் பீரியடில் நம் பெஞ்ச் நம் வலைக்குப் பக்கம். இரண்டாவதில் பக்கம் மாறுவதால் தடுப்பாட்டக்காரர் மாறுவதற்கு நடுக்கோடு தாண்டி ஓட வேண்டும். எதிரணி பக்கை நம் மண்டலத்திலேயே வைத்துக்கொண்டால் மாற முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். 45 வினாடி 70, 80 ஆகும். ஸ்டிக்கைப் பனியில் ஊன்றி, முழங்காலில் கை வைத்து, குனிந்து நிற்பார்கள். அந்த நொடியில் பக்கை விட்டுவிட்டு அந்தக் குனிந்த முதுகைப் பாருங்கள். அடுத்த பத்து வினாடியில் கோல் வரும் இடம் பெரும்பாலும் அதுதான். வயதான தடுப்பு வரிசை தாங்குகிறதா என்பதற்கு இதை விட நல்ல அளவுகோல் கிடையாது. அறிவித்த நேரத்துக்கு ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் பக் விழும். முதல் பீரியட் விளம்பரத்தோடு 40 நிமிடம், இடைவேளை 18. ஆகவே 2 மணி ஆட்டத்துக்கு 3:05க்கு அலாரம் வைத்தால் இரண்டாம் பீரியடின் தொடக்கம் சரியாகக் கிடைக்கும். முழு ஆட்டம் இரண்டரை மணி நேரம். 720 தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி டேட்டா ஓடும். மின்சாரம் போனால் ரௌட்டர் அணையாமல் இருக்க 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். பார்க்க முடியாத ஆட்டத்துக்குப் பத்து நிமிடச் சுருக்கம் மறுநாள் மதியம் பாருங்கள். ஆனால் அதில் கோலும் பெரிய தடுப்பும் மட்டும்தான் வரும். குனிந்த முதுகு வராது.

வாய்ப்பிருந்தால் அமன்சிம்டோட்டி கேலரியா மாலில் இருக்கும் பனித்தளத்தில் ஒரு நாள் இறங்கி, வேகமாகப் போய் நிற்க முயன்று பாருங்கள். 45 வினாடி ஏன் நீண்ட நேரம் என்பது தொடை சொல்லும். நம் நாட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். வாஷிங்டன் அணிக்காக 2000இல் லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது வாங்கிய ஓலாஃப் கோல்சிக் பிறந்தது ஜோகனஸ்பர்க்கில்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை: அக்டோபர் 9 வியாழன் அதிகாலை 1 மணி, மான்ட்ரியலுடன் முதல் ஆட்டம், மாத்யூஸ் பக்கத்தில் யார், பெனால்டி கில்லில் யார் என்று பாருங்கள். நவம்பர் 27க்கு மறுநாள் பட்டியல். ஜனவரி 24 சனி அதிகாலை 2 மணி, மார்னர் வேகாஸ் சட்டையில் டொரண்டோவுக்குத் திரும்புகிறார். அன்று அரங்கமே அவரைப் பார்க்கும். நீங்கள் நம் வலையைப் பாருங்கள், கால் விரல் நீலத்தின் விளிம்பில் இருக்கிறதா என்று.